வறுவல் தட்டில் ஓர் அலகு: கடலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, தோடு கொண்டுவருவது போலக் கொண்டுவந்தான். திறந்தால் சுண்டுவிரல் நகம் அளவில் கறுப்பாக ஒரு சில்லு. மிளகாய்த்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

கொண்டுவந்தவன் என்னிடம் விலங்கியல் படித்தவன். இப்போது கடலூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறான். முந்தின நாள் மதியம் கணவாய் வறுவல் சாப்பிட்ட ஒருவர் கடக்கென்று எதையோ கடித்துவிட்டார். கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. "பிளாஸ்டிக்கப் போட்டு வறுத்துத் தர்றீங்களா?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டிருக்கிறார். புகார் கொடுக்கப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"சார், இது என்னன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அவர்கிட்ட காட்டணும்."

"நீ என்னன்னு நினைக்கிற?"

"கணவாய் பல்லுதான் சார். ஆனா நாங்க வாங்குறது ஊசிக் கணவாய். இது அந்த மாதிரி கூரா இல்லையே?"

படித்தது முழுக்க மறந்து போகவில்லை. அவன் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன: இது என்ன, இது யாருடையது. மூன்றாவது ஒன்றை நானாகச் சேர்த்துக்கொண்டேன். இதன் வடிவத்தை வைத்து இந்தப் பிராணி என்ன தின்று வாழ்ந்தது என்று சொல்ல முடியுமா? முதல் இரண்டுக்கும் ஒன்றரை நாளில் பதில் கிடைத்தது. மூன்றாவதில்தான் சறுக்கினேன்.

தீக்குச்சியும் தண்ணீர் டம்ளரும்

பிளாஸ்டிக்கா இல்லையா என்று பார்க்க ஆய்வகம் தேவைப்படவில்லை. ஓரத்தில் நூலிழை அளவு கிள்ளி, ஊசி முனையில் குத்தித் தீயில் காட்டினேன். உருகிச் சொட்டவில்லை. கருகியது. முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. அது புரதம் எரியும் நாற்றம். அவன் பல் என்றது கணவாயின் வாயில் இருக்கும் அலகை. கணவாய் இனங்களின் அலகு கைட்டின் என்ற கெட்டி நார்ப்பொருளும் புரதமும் பின்னிப் பிணைந்த பொருள். நண்டு ஓட்டிலும் கைட்டின் உண்டு, ஆனால் அது சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்படுகிறது. கணவாய் அலகில் சுண்ணாம்பு கிடையாது. புரத இழைகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பில் இறுகி, தோல் பதனிடுவது போலப் பதமாகி, கறுத்துக் கெட்டியாகின்றன.

மீதியை ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பார்த்தபோது நுனி எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நகத்தால் கீறினாலும் தடம் விழவில்லை. பின்பக்கத்தில் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்த மெல்லிய ஓரம் மட்டும் கொஞ்சம் இளகி விரிந்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்புக் கண்ணாடித்தாள் போலத் தெரிந்தது.

ஒரே துண்டுக்குள் இந்த இரண்டு குணமும் இருப்பதில்தான் அலகின் சூட்சுமம் இருக்கிறது. பசிபிக் கடலின் ஹம்போல்ட் கணவாயை வைத்துக் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அலகின் நுனியிலிருந்து அடிப்பகுதிக்கு வரும்போது விறைப்பு ஏறத்தாழ 100 மடங்கு குறைகிறது. நுனியில் தண்ணீர் கொஞ்சம்தான். அடிப்பகுதியில் பெரும்பங்கு தண்ணீரே. எங்கள் சில்லில் எண்ணெய்ச் சட்டி சுருட்டியது அந்தத் தண்ணீர்ப் பகுதியைத்தான்.

எதற்கு இந்தப் படிப்படியான மாற்றம்? அரிவாள்மனையின் அலகைக் கட்டையில் அறைந்திருப்பதால்தான் பூசணிக்காயை அழுத்தி நறுக்க முடிகிறது. அதே அலகை இட்லியில் நட்டால் பூசணிக்காய் வெட்டுப்படாது, இட்லிதான் கிழியும். கணவாயின் நிலைமை இரண்டாவது. அலகைப் பிடித்திருக்க அதற்கு எலும்பே கிடையாது. சுற்றிலும் தசை மட்டும்தான். அதனால் அலகே நுனியில் கத்தியாகவும், பின்னால் போகப் போகத் தசையோடு தசையாகவும் மாறிவிடுகிறது.

மேலா, கீழா

அலகு எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். தட்டில் கிடைத்தது ஒன்று. அது எது?

கிளி மூக்கு மாதிரி இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் ஒரு திருத்தம் உண்டு. கிளிக்கு மேல் அலகு வெளியே வளைந்து கீழ் அலகை மூடும். கணவாய்க்கு அது தலைகீழ்: கீழ் அலகுதான் வெளியே இருக்கும், மேல் அலகு அதற்குள் போய் இறங்கும். மேல் அலகு நீளமாக, ஒடுங்கிய தொப்பி மாதிரி. கீழ் அலகுக்கு இரண்டு பக்கமும் இறக்கை போல விரிந்த தகடுகள் உண்டு. ஊறி விரிந்த பிறகு எங்கள் சில்லில் அந்த இறக்கைகள் தெரிந்தன. ஆக, கீழ் அலகு.

துறைமுகத்தில் மூன்று தலைகள்

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் இழுவை மடி போடக் கூடாது. அதற்கப்புறம் வரும் வாரங்களில் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கணவாய்க்குக் குறைவிருக்காது. விடியற்காலையில் போய் வகைக்கு ஒன்று வாங்கினேன். ஊசிக் கணவாய் கிடைத்தது: முதுகுக்குள் கண்ணாடி ஊசி போல ஒரு தகடு இருக்குமே, அது. ஓட்டுக் கணவாய்: உள்ளே வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது, லவ் பேர்ட்ஸ் கூண்டில் செருகி வைப்பது. பேய்க் கணவாய்: ஆக்டோபஸ்.

மீன் ஆய்ந்து தரும் ஒரு அக்காவிடம் கொடுத்து, "தலையை மட்டும் சிதைக்காம குடுங்க" என்றேன்.

"தலைதான் சார் வேணுமா? எல்லாரும் உடம்பு கேப்பாங்க."

"பல்லு பாக்கணும்."

"பல்லா? இந்தா" என்று ஊசிக் கணவாயின் தலையைத் திருப்பி, கைகளுக்கு நடுவே இருக்கும் வாயைச் சுற்றிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தினார். நாவல்பழக் கொட்டை பிதுங்குவது போல ஒரு சதை உருண்டை பொசுக்கென்று வெளியே வந்தது. அதன் நடுவே கறுப்பாக இரண்டு முனைகள். ஒரு நொடி வேலை. மெஸ்ஸில் விட்டுப்போனது இந்த ஒரு நொடிதான்.

வீட்டில் மூன்று உருண்டைகளையும் பிரித்து, ஆறு அலகுகளையும் வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்தேன். ஊசிக் கணவாயின் நுனிகள் கூர், ஊக்கு மாதிரிக் குத்தும். ஓட்டுக் கணவாயின் மேல் அலகு கூராக இருந்தாலும் கீழ் அலகு அகலம், நுனி மழுங்கல். பேய்க் கணவாயினுடையது குட்டை. மேல் அலகின் தொப்பி பாதியில் வெட்டியது போல நின்றுவிடுகிறது, கீழ் அலகு உருண்டு திரண்டிருக்கிறது. தீப்பெட்டிச் சில்லைப் பக்கத்தில் வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது. ஓட்டுக் கணவாய், கீழ் அலகு, என் சாம்பிளைவிடப் பெரிய ஆள்.

பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், அன்னிக்கு ஊசி கம்மியா இருந்துச்சு. வாங்குற இடத்துல தலை கலந்து குடுத்திருப்பாங்க" என்றான். உடம்புச் சதை ஒரு பக்கம் போக, தலையும் கையும் தனியாகக் குறைந்த விலைக்கு வருவது உண்டு. வறுத்துவிட்டால் வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது, அலகு காட்டிக்கொடுக்காதவரை.

யாருடையது என்ற கேள்வியில் அலகின் வடிவத்தை நம்பலாம். கடலியல் உலகம் நம்பியே இருக்கிறது. சூரை மீன், சுறா, கடற்பறவை, திமிங்கலம் என்று எதன் வயிற்றில் போனாலும் கணவாயின் சதை கரைந்துவிடும், அலகு கரையாது. பிரிட்டனைச் சேர்ந்த மால்கம் கிளார்க் இந்த அலகுகளைக் கொண்டே இனம் பிரிக்கும் கையேட்டை 1986இல் வெளியிட்டார். கீழ் அலகின் நுனி நீளத்தை அளந்து முழு உடலின் எடையைக் கணிக்கவும் முடிகிறது. யாரும் உயிரோடு பார்த்திராத ஆழ்கடல் கணவாய்கள் சிலவற்றைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி விந்துத் திமிங்கலத்தின் வயிற்று வழியாக வந்ததுதான். அடிக்கடி பேப்பரில் 'கோடிக்கணக்கான மதிப்புள்ள அம்பர்கிரிஸ் பறிமுதல்' என்று வருகிறதே, அதே திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அந்தக் கட்டிக்குள்ளும் கணவாய் அலகுகள் புதைந்திருக்கும்.

வயிற்றை அறுத்ததில் வந்த சறுக்கல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அறுப்பதற்கு முன்பே பழைய நோட்டின் ஓரத்தில் என் யூகத்தை எழுதி வைத்திருந்தேன்: கூர் அலகுள்ள ஊசி, மீன் தின்னி. மழுங்கிய கீழ் அலகுள்ள ஓடு, நண்டு இறால் நொறுக்கி. குட்டை அலகுள்ள பேய், சிப்பி உடைப்பான். பார்க்க அழகான அட்டவணை.

வயிறுகளைத் திறந்தேன். ஊசியின் வயிற்றில் வெள்ளிச் செதில்கள் இருந்தன, சரி. கூடவே இறாலின் மீசைத் துண்டுகள், அப்புறம் ஒரு குட்டிக் கணவாயின் கை. தன் இனத்தையே தின்றிருக்கிறது. ஓட்டுக் கணவாயின் வயிற்றில் நண்டுக் கால் இருந்தது, அதோடு மீனின் காதுக்கல்லும் கிடந்தது. பேய்க் கணவாயின் வயிறு காலி. மூன்று வயிற்றை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் என் அட்டவணையைக் கிழிக்க அந்த மூன்றே போதும்.

எங்கே தப்பு? அலகை மட்டும் பார்த்து, அதைச் சுற்றி இருப்பதை மறந்ததில். கணவாய் ஒரு மீனைப் பிடிப்பது இரண்டு நீண்ட உணர்கைகளால். அசையாமல் வைப்பது எட்டுக் கைகளால். அதன் பிறகுதான் அலகு தலைக்குப் பின்னால், கழுத்தில் இறங்கும். அலகின் வேலை மெல்லுவது அல்ல, கொத்திக் கொத்தித் துண்டாக்குவது. துண்டும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். இவற்றின் உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. பெரிய கவளத்தை விழுங்கினால் புரையேறுவதோடு முடியாது, மூளையே நசுங்கும். மீன் தின்றாலும் நண்டு தின்றாலும் பொடிப்பொடியாக நறுக்கியே ஆக வேண்டும் என்பதால், அந்த வேலைக்கு ஏற்ற அலகு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அமைந்திருக்கிறது.

பேய்க் கணவாய் சிப்பியை உடைப்பதில்லை என்பதும் நான் வகுப்பில் பலமுறை சொன்னதுதான், எழுதும்போது கை மறந்துவிட்டது. கைகளால் இழுத்துத் திறக்கப் பார்க்கும். முடியாவிட்டால் வாய்க்குள் இருக்கும் ராடுலா என்ற அரம் போன்ற நாக்காலும், உமிழ்நீர் சுரக்கும் காம்பாலும் ஓட்டில் ஊசித்துளை போட்டு, உள்ளே விஷத்தை இறக்கும். சிப்பி தானே தளர்ந்து வாயைத் திறந்துவிடும். அலகு அங்கே கடைசியாக வரும் ஆள்.

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. ஆழ்கடலில் வாம்பயர் ஸ்க்விட் என்று ஒன்று இருக்கிறது. பெயரையும் கறுஞ்சிவப்பு உடம்பையும் பார்த்தால் ரத்தம் குடிப்பது போலத்தான் தோன்றும். அதற்கும் அலகு உண்டு. ஆனால் மேலிருந்து பனித்தூறல் போல இறங்கும் மக்கிய துணுக்குகளை நீண்ட இழைகளால் சேகரித்து, சளியில் உருட்டித் தின்கிறது என்று 2012இல் தெரியவந்தது. அலகை மட்டும் பார்த்து இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

வழுதாவூர்க் கல்

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "எங்க மாமியார் வீட்ல சாளக்கிராமம் இருக்கு சார். அதுவும் இந்த ஜாதிதானே? அதுக்கும் பல்லு இருந்துச்சா?"

நல்ல கேள்வி. கண்டகி ஆற்றின் சாளக்கிராமத்தில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் பிராணியின் ஓடு, கணவாய்க்கு ஒன்றுவிட்ட உறவு. அதைப் பார்க்க நேபாளம் போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூரைச் சுற்றி, சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் படிவுகள் இருக்கின்றன. அங்கும் விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளிலும் கேய், கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய புதைபடிவங்களை பிரிட்டனின் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். அதில் ஒன்று சுருளாமல் நேராகக் கோல் போல வளர்ந்த அம்மோனைட். பாகுலைட்டிஸ் என்ற பேரினப் பெயருக்கு லத்தீனில் கைத்தடி என்று பொருள். புதுச்சேரிக் கல்லுக்கு இன்றைய பெயர் யூபாகுலைட்டிஸ். திருவக்கரைக் கல்மரங்களைப் பார்க்கப் பள்ளிப் பேருந்துகள் போகின்றன. அந்த மரங்களைவிடப் பல கோடி ஆண்டு மூத்த இந்தக் கைத்தடிகள் பக்கத்திலேயே கிடக்க, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் குறை.

அம்மோனைட் பல்லின் கதை இன்னும் வேடிக்கை. ஓட்டின் வாய்ப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஆன இரட்டைத் தகடுகள் கிடைத்தன. முதலில் தனிச் சிப்பி என்றார்கள். அப்புறம், சங்கின் வாயை அடைக்கும் மூடி போல இதுவும் கதவு என்றார்கள். 1970ஐ ஒட்டித்தான் ஜெர்மனியின் உல்ரிஷ் லேமான், இது கதவல்ல, கீழ்த்தாடை என்று காட்டினார். இரண்டு வேலையும் பார்த்திருக்கலாம் என்ற கட்சியும் உண்டு. எப்படியானாலும் ஒன்று தெளிவு: இந்தத் தாடைக்குக் கூர்நுனி இல்லை. சேமியா அள்ளும் கரண்டி போல அகன்று கிடக்கிறது.

இதற்கு எதிர்முனையில் நாட்டிலஸ். இன்றும் உயிரோடு இருக்கும் அந்த ஓட்டுக்காரருக்கு அலகின் இரு முனையிலும் சுண்ணாம்புப் பூண் உண்டு. நண்டையும், நண்டினங்கள் உரித்துப் போட்ட ஓடுகளையும், செத்ததையும் நொறுக்கித் தின்கிறது. அந்தப் பூண்கள் கல்லாகவும் தனியாகக் கிடைக்கின்றன. ஆக, கோடிமுனைகளில் வடிவம் ஏதோ சொல்லத்தான் செய்கிறது. நடுவில் இருப்பவர்களிடம்தான் அது பேச மறுக்கிறது.

கரண்டித் தாடை எதை அள்ளியது? அதற்கு வடிவம் பதில் சொல்லவில்லை, ஒரு வாய்க் கவளம் சொன்னது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த பாகுலைட்டிஸ் படிவங்களை இசபெல் க்ருட்டா, நீல் லேண்ட்மன் குழுவினர் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற எந்திரத்தில் வைத்து, கல்லை உடைக்காமலே அதன் வலுவான எக்ஸ் கதிரால் உள்ளே பார்த்தார்கள். 2011இல் வெளியிட்டார்கள். தாடைகளுக்கு நடுவே அரநாக்கின் மெல்லிய பற்கள் அப்படியே இருந்தன. ஒன்றின் வாய்க்குள் ஒரு பொடி நத்தையும், இறால் நண்டு வகையறாவான மூன்று குட்டி ஓட்டுடலிகளும் இருந்தன. அவற்றில் ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. பிளாங்டனை, அதாவது கடலில் மிதக்கும் பொடி உயிர்களை, அள்ளித் தின்ற பிராணி என்று முடிவு கட்டினார்கள். இதே வாயமைப்புள்ள மற்ற அம்மோனைட்டுகளும் அப்படி இருந்திருக்கலாம் என்றார்கள். 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்து பிளாங்டன் சரிந்தபோது அம்மோனைட்டுகள் ஏன் கூண்டோடு போயின, நாட்டிலஸ் வம்சம் ஏன் தப்பியது என்பதற்கும் இது ஒரு பிடி கொடுக்கிறது.

எனக்கு அந்த வெட்டுப்பட்ட குட்டி ஓட்டுடலிதான் மறக்கவில்லை. கடைசிக் கவளத்தை விழுங்கும் முன் போய்ச் சேர்ந்த ஒன்றால்தான் இவ்வளவும் தெரிந்தது. வழுதாவூர்க் கைத்தடிகளின் ஓட்டை எண்ணி, வரிகளை அளந்து 180 ஆண்டு ஆகிறது. அவற்றின் வாய்ப்பக்கத்தையும் யாராவது இப்படி உடைக்காமல் உள்ளே பார்த்தால் நன்றாக இருக்கும்.

எழுதிக் கொடுத்த இரண்டு வரி

'இது பிளாஸ்டிக் அல்ல, ஓட்டுக் கணவாயின் கீழ் அலகு. இயற்கையாக இருப்பதுதான், ஆனால் சமைக்கும் முன் எடுத்திருக்க வேண்டும்.'

முதல் வரியைப் படித்தபோது மலர்ந்த முகம் இரண்டாவதில் சுருங்கியது. "ரெண்டாவது வரி வேணுமா சார்?" என்றான். வேண்டும் என்றேன். பல் வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டான். அது நியாயம்தான் என்று நானும் சொன்னேன்.

பல் பெயர்ந்தவர் என் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், கோபம் ஆறியிருந்தது. லென்ஸ் வழியாகச் சில்லை வெகுநேரம் பார்த்தார். கிளி மூக்கு, தலைகீழ், கீழ் அலகு வெளியே, மேல் அலகு உள்ளே, எப்போதும் ஜோடி என்று நான் விளக்கி முடித்ததும் லென்ஸைக் கீழே வைத்தார்.

"சரி சார், ஜோடிதானே? அப்ப இன்னொண்ணு எங்க?"

பையன் என்னைப் பார்த்தான்.